கோவில்பட்டி ஓவியங்களில் கையொப்பம்

சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்து, நாட்காட்டிகளிலும் சாமி படங்களிலும் அச்சான ஓவியங்கள் கோவில்பட்டி ஓவியங்கள் எனப்படுகின்றன. இவற்றின் கீழ்மூலையில் ஓவியர் பெயர் சிறிய எழுத்துகளில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் காணப்படும். பழைய படங்களில் இப்பெயர் மங்கியோ பாதி மறைந்தோ இருப்பதால், வரைந்தவர் யார் என்பதில் பிழைகள் நேர்கின்றன.

பின்னணி

சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற கொண்டையராஜு, திருவண்ணாமலையில் ரமணரின் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். பின்னர் நாடகக் குழு ஒன்றில் திரைச்சீலை ஓவியரானார். அக்குழு 1940-களில் கோவில்பட்டியில் கலைந்தபோது அவர் அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். டி. எஸ். சுப்பையா, டி. எஸ். அருணாசலம், எம். ராமலிங்கம் முதலியோர் அவரிடம் தொழில் கற்றனர். கரிசல் பூமியின் வறண்ட காற்று தீப்பெட்டித் தொழிலுக்கு ஏற்றதாக இருந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டதால் சிவகாசியில் அச்சகங்கள் பெருகின. அவற்றுக்குப் படம் வரைந்து தரும் ஊராகக் கோவில்பட்டி விளங்கியது.

பெயர் மறையும் விதம்

நாட்காட்டியில் கடையின் பெயரும் தேதிக் கட்டும் படத்தின் அடிப்பகுதியில்தான் வரும். ஓவியர் பெயரும் அங்கேயே இருப்பதால் முதலில் மறைவது அதுவே. வீட்டில் சட்டம் போடும்போது ஓரம் வெட்டப்படுகிறது, அல்லது மரச்சட்டத்தின் பள்ளத்துக்குள் போய்விடுகிறது. வெயில் படும் சுவரில் தொங்கும் படத்தில் மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுக்கும். நீலமும் கறுப்பும் அதிக நாள் நிற்கும். ஆகவே சிவப்பில் எழுதிய பெயர் விரைவில் அழிந்துவிடும்.

படிக்கும் முறை

முதலில் சட்டத்தைக் கழற்றி ஓரத்தைப் பார்க்க வேண்டும். அடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் எழுத்துகளை நோக்க வேண்டும். எழுத்து சிறு புள்ளிகளால் ஆகியிருந்தால், ஓவியத்தோடு சேர்த்துப் படம்பிடிக்கப்பட்டது எனக் கொள்ளலாம். புள்ளியின்றித் திட்டமான கோடாக இருந்தால், அச்சகத்தில் பின்னர் சேர்த்ததாக இருக்கக்கூடும். வெளுத்த சிவப்பு எழுத்தை, கைப்பேசியில் எடுத்த படத்தின் பச்சை நிறப் பகுதியை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால் ஓரளவு மீட்கலாம்.

எஞ்சிய எழுத்தை ஊகத்தால் நிரப்புவதில்தான் பெரும்பிழை நேர்கிறது. ‘டி. எஸ்.’ என்று மட்டும் தெரிந்தால் அது சுப்பையாவாகவும் இருக்கலாம், அருணாசலமாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் முன்னவர் பெயருக்கு 7 எழுத்துகள், பின்னவர் பெயருக்கு 11. அழிந்த இடத்தின் நீளத்தை அளந்தால் ஒரு பெயரை விலக்கிவிடலாம். வரியின் முன்பகுதி வெட்டுண்டிருந்தால் இன்னொரு ஐயமும் எழும். கொண்டையராஜுவும் சுப்பையாவும் சேர்ந்து கையொப்பமிட்ட படங்கள் உண்டு. அத்தகைய படத்தில் ஒரு பெயர் மட்டும் தெரிவதைக் கொண்டு, வரைந்தவர் ஒருவரே என முடிவு கட்டக்கூடாது.

ஓர் ஒப்பீடு

ஜப்பானியப் பழைய வாள்களின் கைக்காப்புத் தகடுகளிலும் இதே சிக்கல் உண்டு. செய்தவர் பெயர், வாளின் அடித்தண்டு நுழையும் துளையை ஒட்டிச் செதுக்கப்படும். வாளில் பொருத்தியதும் மேலே வரும் வளையத்தகடு அதை மறைத்துவிடும். தேய்மானமும் துருவும் மீதியை அழிக்கும். நொபுஇயே என்ற பெயரை ஒருவருக்கு மேற்பட்டோர் பொறித்துள்ளனர். புகழ்பெற்ற பெயர்களில் போலிகளும் உண்டு. எனவே அத்துறை வல்லுநர்கள் இரும்பின் தன்மை, வடிவம், வேலைப்பாடு ஆகியவற்றோடு பொருந்தினால்தான் பெயரை ஏற்கின்றனர்.

மதிப்பீடு

கோவில்பட்டி ஓவியங்களுக்கும் இந்த முறையே தகும். தூண்களும் திரையும் அடுக்கடுக்காக ஆழம் காட்டுவது, நாடக மேடையிலிருந்து வந்த பழக்கம். பார்ப்பவரை நேரே நோக்கும் தெய்வத்தின் முகம், திரண்ட அங்கங்கள், நகைகளின் நுணுக்கம் ஆகியவை குருவும் மாணவரும் பகிர்ந்துகொண்ட கூறுகள். இவை ஒரு படம் எந்தக் கூடத்தைச் சேர்ந்தது என்பதைச் சொல்லும். எந்தக் கை வரைந்தது என்பதற்குத் தனிச் சான்று வேண்டும்.

கனடிய மானிடவியலாளர் ஸ்டீபன் இங்கிலிஸின் ஆய்வுகள் கொண்டையராஜுவை உலக அறிஞர்களிடம் கொண்டுசேர்த்தன. அப்புகழ் அவருக்கு உரியதே. ஆனால் பெயர் தெரியாத ஒவ்வொரு பழைய சாமி படத்தையும் அவர் தலையில் ஏற்றுவது அவருக்கும் பெருமை சேர்க்காது, உடன் உழைத்த மாணவர்களுக்கும் நியாயம் ஆகாது. குருவின் பெயரோடு தன் பெயரையும் எழுத மாணவர் இடம் பெற்ற ஓவியக்கூடம் அது. சான்று போதாத இடத்தில் ‘கோவில்பட்டி ஓவியக்கூடம்’ என்று குறிப்பதே நேர்மையான விடை. படத்தை நகலெடுத்துச் சேமிக்கும் மாணவர்கள், ஓரத்தை வெட்டாமல் முழுத்தாளையும் படம்பிடிப்பது நல்லது. ஒரு தலைமுறை ஓவியர்களின் பெயர்கள் அந்த அரை அங்குல இடத்தில்தான் இருக்கின்றன.