செத்தவர் குரலும் மறுக்கும் உரிமையும்

2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்துக்காக 'திமிறி எழுடா' என்ற பாட்டு வெளியானது. இசை ஏ.ஆர். ரஹ்மான். பாடியவர்கள் பட்டியலில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது என்று இரண்டு பெயர்கள் இருந்தன. பாக்யா 2022 செப்டம்பரில் இறந்துபோனவர். சாகுல் ஹமீது கால் நூற்றாண்டுக்கு முன்பே விபத்தில் போய்விட்டார். இரண்டு பேரும் அந்தப் பாட்டைப் பாடவில்லை. அவர்களுடைய பழைய பதிவுகளிலிருந்து செயற்கை நுண்ணறிவு கொண்டு குரலை உருவாக்கிப் பாட வைத்திருந்தார்கள். பேச்சு கிளம்பியதும் ரஹ்மான் விளக்கம் சொன்னார்: குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கினோம், உரிய சன்மானம் கொடுத்தோம், சரியாகப் பயன்படுத்தினால் தொழில்நுட்பம் ஆபத்தில்லை.

அனுமதி, சன்மானம். இந்த இரண்டு வார்த்தையோடு விவாதம் முடிந்துபோனது. கேட்டாங்க, கொடுத்தாங்க, அப்புறம் என்னப்பா பிரச்சினை என்று எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். நாம் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் குரல், கூலி, அனுமதி இந்த மூன்றும் நமக்குப் புது விஷயம் இல்லை. தலைமுறை தலைமுறையாக இந்த மூன்றுக்கும் நடுவில்தான் நம்ம சனம் நசுங்கிக் கிடந்தது.

முதலில் பாட்டையே எடுத்துக்கொள்வோம். தலைப்பே கட்டளையாக இருக்கிறது. திமிறி எழச் சொல்கிறது. படத்தின் பெயரோ செங்கொடித் தோழர்களின் வணக்கம். ஆனால் திமிறச் சொல்லும் அந்த இரண்டு குரலுக்கும் திமிர வழியே இல்லை. இந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை, இந்த இடத்தில் இழுக்க மாட்டேன், இந்தப் படத்துக்கே பாட மாட்டேன் என்று அவை சொல்ல முடியாது. கலகம் பேசும் பாட்டைக் கீழ்ப்படிவதைத் தவிர வேறெதுவும் அறியாத குரலை வைத்துச் செய்திருக்கிறார்கள். இது அந்த இசையமைப்பாளரின் கெட்ட எண்ணத்தால் வந்தது என்று நான் சொல்லவில்லை. அந்தத் தொழில்நுட்பத்தின் இயல்பே அதுதான்.

இது எப்படி நடக்கிறது? பொதுவாக முதலில் உயிரோடிருக்கிற ஒருவர் பாட்டைப் பாடுகிறார். சினிமா மொழியில் சொன்னால் டிராக் பாடுகிறார். ராகம், தாளம், மூச்சு எடுக்கிற இடம், அழுத்தம், கோபம் எல்லாம் அவருடையது. அதன்மேல் இறந்தவருடைய தொண்டையின் தன்மையை இயந்திரம் ஏற்றிவிடுகிறது. பாக்யாவின் அடிவயிற்றுக் கனம், சாகுலின் கரகரப்பு எல்லாம் இப்படி வந்தவைதான். ஆகவே இந்த வேலையில் மறைந்துபோகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் செத்தவர், அவரைக் கேட்க முடியாது. இன்னொருவர் டிராக் பாடியவர், அவரைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. 2024 செப்டம்பரில் 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ' பாட்டில் 2011ல் இறந்த மலேசியா வாசுதேவனின் குரல் வந்தபோது, அவருடைய மகன் யுகேந்திரனின் பெயரும் பாடகராகப் பட்டியலில் இருந்தது. மகன் என்பதால் பெயர் கிடைத்தது. மகனாக இல்லாத டிராக் பாடகருக்கு என்ன கிடைக்கும்?

ரஹ்மான் கேட்டார் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். கேட்காதவர்களும் இருக்கிறார்கள். 2023ல் வந்த 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலைக் குடும்பத்தைக் கேட்காமல் செயற்கையாக உருவாக்கிவிட்டார்கள் என்று அவருடைய மகன் சரண் 2024ல் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். இதோடு ஒப்பிட்டால் கேட்டது நல்லதுதான். ஆனால் கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியதா? இல்லை. ஜெயலலிதா வாழ்க்கைப் படம் தொடர்பாக ஜெ. தீபா தொடுத்த வழக்கில் 2021ல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஒருவருடைய அந்தரங்க உரிமையும் நற்பெயர் உரிமையும் அவரோடு முடிந்துபோகும், வாரிசுக்குச் சொத்தாக வராது. சுஷாந்த் சிங் ராஜ்புத் வழக்கில் 2023ல் டெல்லி உயர்நீதிமன்றமும் இதே திசையில்தான் போனது. அப்படியானால் குடும்பத்திடம் கேட்டதும் கொடுத்ததும் பெரிய மனுஷர் காட்டிய தயவு. தயவு வேறு, உரிமை வேறு. இந்த வித்தியாசத்தை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. களத்து மேட்டில் அள்ளிப்போட்ட நெல்லும் தயவுதான். அடுத்த வருசம் அள்ளிப்போடாவிட்டால் போய்க் கேட்க முடிந்ததா?

அனுமதி என்றால் என்ன என்பதை நம்முடைய வரலாற்றிலிருந்து பார்க்கலாம். ஊரில் சாவு விழுந்தால் சேரியிலிருந்து போய்ப் பறையடிக்க வேண்டும். கேதம் சொல்லப் பத்து ஊருக்கு நடக்க வேண்டும். வர்றியான்னு யாரும் கேட்டதில்லை. வாடான்னுதான் ஆள் வந்தது. அடித்து முடித்தால் கூலியும் சாராயமும் கிடைத்தது. அதாவது சன்மானம் அப்போதும் இருந்தது. இல்லாமல் போனது மாட்டேன் என்று சொல்கிற உரிமை. தமிழ்நாட்டில் தலித் மக்கள் ஊர் ஊராக இனிமேல் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று நிமிர்ந்தபோது அடி விழுந்தது, வேலை நின்றது, தண்ணி நின்றது. காசு அதிகம் கேட்டதற்காக இது நடக்கவில்லை. மறுத்ததற்காக நடந்தது. பின்னால் அதே பறையை நாமே கையில் எடுத்து மேடையில் விடுதலைக் கருவியாக அடித்தோம். மறுக்கத் தெரிந்த கைகள் அடித்ததால்தான் அதற்கு அந்த அர்த்தம் வந்தது.

ஆகவே அனுமதியின் உயிர் மறுப்பில்தான் இருக்கிறது. மறுக்க முடியாதவரிடம் வாங்கின சம்மதத்துக்கு வேறு பெயர். செத்தவர் மறுக்க முடியாது. உயிரோடு இருக்கும்போது, என் குரலை எனக்குப் பின் இப்படிப் பயன்படுத்தலாம் அல்லது கூடாது என்று அவர் சொல்லிவிட்டுப் போகவும் இல்லை. அந்தக் காலத்தில் இப்படி ஒரு இயந்திரம் வரும் என்று யாருக்குத் தெரியும்? நம்ம வழக்கத்தில் செத்தவருக்காக உயிரோடு இருக்கிறவர் பாடுவார். ஒப்பாரி அதுதான், மரண கானா அதுதான். இப்போது உயிரோடு இருக்கிறவருடைய வியாபாரத்துக்காகச் செத்தவர் பாட வேண்டியிருக்கிறது.

பெயர் தெரிந்த பாடகருக்கே இந்த நிலைமை. பெயர் தெரியாதவர்களுக்கு?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ல் வந்தது. பாடுகிறவருக்கும் ஆடுகிறவருக்கும் அதில் உரிமை எதுவும் இல்லை. 1994 திருத்தத்தில்தான் 'நிகழ்த்துநர் உரிமை' என்று ஒன்று வந்தது. யார் நிகழ்த்துநர்? நடிகர், பாடகர், வாத்தியக்காரர், ஆடுபவர், கழைக்கூத்தாடி, செப்படி வித்தைக்காரர், பாம்பாட்டி, சொற்பொழிவாளர் என்று பட்டியல் போகிறது. பாம்பாட்டிக்குக்கூட இடம் கொடுத்திருக்கிறார்களே என்று சந்தோசப்படலாம். ஆனால் 2012ல் நிகழ்த்துநர்களுக்கு ராயல்டியும் தார்மீக உரிமையும் சேர்த்த அதே திருத்தம் அந்தப் பட்டியலுக்கு ஒரு வாலையும் ஒட்டியது. திரைப்படத்தில் ஒருவருடைய நிகழ்த்துதல் தற்செயலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டிலில் எங்கும் அவர் பெயர் போடப்படாவிட்டால், அவர் நிகழ்த்துநராகக் கருதப்பட மாட்டார்.

இதைத் திரும்பவும் படியுங்கள். பெயர் போடுகிற வழக்கம் இல்லையா, அப்படியானால் நீ கலைஞரே இல்லை. பெயர் போடாதது யார்? அவர்கள். அந்தக் குற்றத்தையே காரணமாக்கி உரிமையை எடுத்துக்கொள்வது யார்? அதுவும் அவர்கள்தான். சாவுக் காட்சியில் பறையடிக்கிற செட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிற கிழவிகள், திருவிழாக் காட்சியில் குலவையிடுகிற பெண்கள் இவர்களில் எத்தனை பேர் பெயரை டைட்டிலில் பார்த்திருக்கிறோம்? தொழில் வழக்கம் என்கிறார்கள். வழக்கம் என்ற சொல் வந்தாலே நாம் உஷாராக வேண்டும். சாதி எப்போதும் வழக்கம் என்ற பெயரில்தான் வீட்டுக்குள் வரும்.

அந்த வாலிலும் ஒரே ஒரு இடுக்கு இருக்கிறது. பெயர் போடாதவருக்கும் ஒரு உரிமையைச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது. தன் நிகழ்த்துதலைத் தன் பெயருக்குக் கேடு வரும்படி சிதைத்தால், திரித்தால், மாற்றினால் தடுக்கலாம், நஷ்ட ஈடு கேட்கலாம். ஒரு கிழவியின் ஒப்பாரிப் பதிவை எடுத்து இயந்திரத்துக்கு ஊட்டி, அவள் அழுகையைக் குத்துப்பாட்டுக்குத் தொட்டுக்க வைத்தால் அது சிதைப்பு இல்லையா? நம்ம வக்கீல் தோழர்கள் இந்த இடுக்கில் கடப்பாரையை விட்டுப் பார்க்க வேண்டும்.

குரலுக்கே பாதுகாப்பு கொடுத்த உத்தரவும் இருக்கிறது. 2024 ஜூலையில் அர்ஜித் சிங் தொடுத்த வழக்கில் மும்பை உயர்நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. யாருடைய குரலையும் அர்ஜித் குரலாக மாற்றித் தரும் கருவிகள் அவருடைய ஆளுமை உரிமையை மீறுகின்றன என்றது. வரவேற்போம். ஆனால் அந்த வாதம் நிற்கிற கால் எது? பிரபலம். அவர் புகழ்பெற்றவர், அவர் குரலுக்குச் சந்தை மதிப்பு உண்டு, அதனால் பாதுகாப்பு. வியாசர்பாடியில் சாவு வீட்டில் விடிய விடியக் கானா பாடுகிறவருக்கு அந்தத் தெருவில்தான் புகழ். நீதிமன்றக் கதவு அந்தப் புகழுக்குத் திறக்குமா? அவர் பாட்டையோ எவனோ போனில் பிடித்து யூடியூபில் போட்டிருப்பான். குரலை எடுக்க அது போதும். சில நிமிடச் சுத்தமான பதிவு இருந்தாலே இன்றைய கருவிகள் ஒரு குரலைப் போலச் செய்துவிடும்.

பெயரும் புகழும் இருந்தால்கூட நமக்குச் சுலபமில்லை. 'எஞ்சாயி எஞ்சாமி' 2021 மார்ச்சில் வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எழுதிப் பாடியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அந்தப் பாட்டைக் கொண்டாடி அட்டை போட்டபோது அறிவின் முகம் அதில் இல்லை. பா. ரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்டார்கள். 2022ல் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது, அறிவு மேடையில் இல்லை. அவர் வெளிநாட்டில் இருந்தார் என்று விளக்கம் வந்தது. 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்கள் மூவருக்கும் வருமானம் வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். நிறுவனம் அதை ஏற்கவில்லை. இந்தக் கதையில் செயற்கை நுண்ணறிவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பாட்டு வேண்டும், பாடின ஆள் வேண்டாம் என்கிற ஏற்பாடு இயந்திரம் வருமுன்பே தயாராக இருந்தது. இயந்திரம் அதைச் சுலபமாக்குகிறது, அவ்வளவுதான்.

கறுப்பர்களின் அனுபவமும் இதையே சொல்கிறது. 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் கேபிடல் ரெக்கார்ட்ஸ், எஃப்.என். மேக்கா என்ற கணினி உருவத்தை ராப் பாடகனாக ஒப்பந்தம் செய்தது. கறுப்பு இளைஞன் பற்றிய வெள்ளைக் கற்பனை அத்தனையும் அந்தப் பொம்மையில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே கைகழுவினார்கள். ஆரம்பத்தில் அதற்குக் குரல் கொடுத்தது நான்தான், எனக்குக் காசு வரவில்லை என்று கைல் த ஹூலிகன் என்ற கறுப்பு ராப் பாடகர் சொன்னார். கறுப்புக் குரல் வேண்டும், கறுப்பு மனிதன் வேண்டாம். நம்ம ஊரில் இதற்கு 'மண்வாசனை' என்று பெயர். பாட்டின் தொடக்கத்தில் எட்டு நொடி நாட்டுப்புறக் குரல், அப்புறம் பயிற்சி பெற்ற நாசூக்குக் குரல். நம்ம குரல் ஊறுகாய், அவர்கள் குரல் சோறு. நாளைக்கு 'ஒப்பாரிக் குரல்', 'கானாக் குரல்' என்று பொத்தானே வரும். அந்த ஊறுகாய்க்கு யாரும் காசு கொடுக்க வேண்டியிராது, பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட வேண்டியும் இராது.

இதை வைத்து இயந்திரமே வேண்டாம் என்று கட்சி கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அம்பேத்கர் பாட்டுகள் கேசட்டில்தான் சேரி சேரியாகப் போயின. 2018 ஜனவரியில் முதல் மேடை ஏறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவோடு மின்கிதாரைச் சேர்த்தது. 'தூய்மையான' நாட்டுப்புறக் கலையைப் பொத்திப் பாதுகாக்கிறேன் என்று வருகிற ஆராய்ச்சியாளரும் நமக்கு நண்பர் அல்ல. பாடின கிழவியின் பெயரை விட்டுவிட்டுத் தன் பெயரை அட்டையில் போட்டுக்கொண்ட தொகுப்புகள் நிறைய உண்டு. நம்ம பையன் தன் குரலைத் தானே இயந்திரத்தில் போட்டு விளையாடட்டும். சாவி யார் கையில் என்பதுதான் கேள்வி.

கேட்க வேண்டியதை உடைத்துக் கேட்போம். உயிரோடு இருக்கிற கலைஞர் எழுத்திலோ பேசிப் பதிந்தோ சம்மதம் தராமல் அவர் குரலை இயந்திரத்துக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும். இறந்தவர் ஒன்றும் சொல்லாமல் போயிருந்தால் அந்த மௌனத்தை மறுப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். டிராக் பாடுகிறவர் பெயர் டைட்டிலில் வர வேண்டும். சன்மானம் ஒருதரம் கையில் திணிக்கிற காசாக இல்லாமல் பாட்டு ஓடும்வரை வருகிற பங்காக இருக்க வேண்டும். பல்கலைக்கழகங்களிலும் வானொலி நிலையங்களிலும் கிடக்கிற நாட்டுப்புறப் பதிவுகளை, பாடியவரையோ அந்தச் சேரியையோ கேட்காமல் எந்த நிறுவனத்துக்கும் திறந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் 2024 ஜூனில் பெரிய இசை நிறுவனங்கள் சூனோ, யூடியோ என்ற பாட்டு செய்யும் நிறுவனங்கள்மேல் வழக்குப் போட்டன. 2025 இறுதிக்குள் அவற்றில் சில ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டன. முதலாளியும் முதலாளியும் கைகுலுக்கியாயிற்று. நாளைக்கு நம்ம ஊர் ஆவணக் காப்பகத்துக் கதவையும் தட்டுவார்கள்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் தமிழ்நாட்டில் இருக்கிறது. உறுப்பினர் அட்டை கொடுக்கிற அந்த வாரியமே குரல் பற்றிய சம்மதத்தையும் மறுப்பையும் பதிவு செய்யலாம். செலவு பெரிதாக ஆகாது. அதற்கு முன்னால் நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அவரவர் ஊரில் பாடுகிற, அடிக்கிற, ஒப்பாரி வைக்கிற ஆட்களிடம் உட்கார்ந்து இந்த இயந்திரம் என்ன செய்யும் என்று விளக்கிச் சொல்ல வேண்டும். வேண்டும் என்பவர் யார், வேண்டாம் என்பவர் யார், எந்தப் பாட்டுக்கு, என்ன நிபந்தனைக்கு என்று அவர்கள் வாயாலேயே கேட்டு, பெயர் ஊர் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். 'குரலற்றவர்கள்' என்று நம்மைப் பற்றி ரொம்ப நாள் எழுதினார்கள். குரல் எப்போதும் இருந்தது. அதற்குப் பட்டா எழுதுகிற வேலையை நாமே தொடங்கலாம்.