மேற்கோள் எண்ணிக்கையும் ஆய்வுப் பயனும்: ஐராவதம் மகாதேவனின் சிந்துக் குறி அட்டவணைகளை முன்வைத்து

ஓர் ஆய்வாளரின் பணியை அவர் பெற்ற மேற்கோள்களின் எண்ணிக்கையால் அளக்கும் வழக்கம் இன்று பல்கலைக்கழகங்களில் வேரூன்றியுள்ளது. யூஜின் கார்ஃபீல்ட் 1964இல் வெளியிடத் தொடங்கிய அறிவியல் மேற்கோள் சுட்டி, அடிப்படையில் நூல்தேடற் கருவியே. 2005இல் ஹிர்ஷ் முன்வைத்த எச்-சுட்டெண், ஆய்வாளரையே எடைபோடும் போக்கை வலுப்படுத்திற்று. தரவைத் தொகுத்துக் கண்ணுக்குப் புலனாக்கும் பணிக்கு இவ்வளவுகோல் பொருந்துமா என்பதை ஐராவதம் மகாதேவனின் (1930–2018) ஆய்வுப் பதிவைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது.

1. அட்டவணை என்னும் காட்சி

சிந்து எழுத்தின் பாடங்கள், தொடரடைவு, அட்டவணைகள் ஆகியன அடங்கிய மகாதேவனின் ஆங்கில நூல் 1977இல் இந்தியத் தொல்லியல் துறையின் 77ஆம் நினைவேடாக வெளிவந்தது. 2,906 பாடங்கள், அவற்றில் 13,372 குறி வருகைகள், 417 தனிக்குறிகள் என்பன கணினித் துணையோடு அதில் வகைப்படுத்தப்பட்டன. இன்றைய வரைபடங்களின் வண்ணப் பொலிவு அதில் இல்லை. எனினும் ஒவ்வொரு குறியும் எங்கெங்கே, எக்குறிகளின் அயலில் வருகின்றது என்பதை நிரல்படக் காட்டியமையால், முத்திரைகளில் சிதறிக்கிடந்த ஒழுங்கு பார்வைக்கு எட்டியது. குடுவை வடிவக் குறி மட்டுமே 1,395 முறை, அதாவது மொத்த வருகைகளில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு இடம்பெறுகின்றது என்பதும், அது பெரும்பாலும் பாடங்களின் இறுதியில் நிற்கின்றது என்பதும் இத்தகைய அடைவினால் தெளிவாகும் செய்திகள். தரவுக் காட்சிப்படுத்தலின் முதற் பயன் இதுவே.

ஆயின், 417 என்ற எண் இயற்கையாகக் கிடைத்ததன்று. இரு வடிவங்கள் ஒரே குறியின் வேறுபாடுகளா, தனித்தனிக் குறிகளா என்ற தீர்ப்பு அதனுள் மறைந்துள்ளது. பிறையன் வெல்ஸ் அறுநூறுக்கும் மேற்பட்ட குறிகளைப் பிரித்தறிந்தமை இதற்குச் சான்று. அட்டவணையைப் பயன்படுத்துவோர் இத்தீர்ப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கின்றனர்.

2. ஒரே எண், வேறுபட்ட பொருள்

2009இல் ராஜேஷ் ராவும் மகாதேவன் உள்ளிட்ட இணையாசிரியர்களும் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை இதனை நன்கு விளக்கும். ஒரு குறியை அடுத்து எக்குறி வரும் என்பதிலுள்ள நிச்சயமின்மையைக் கணித்து, சிந்துப் பாடங்களின் கோடு பழந்தமிழ், சமஸ்கிருதம், சுமேரியம் முதலிய மொழிகளின் கோடுகளோடு நெருங்கிச் செல்வதை அதன் வரைபடம் காட்டிற்று. அதற்கு அடிப்படை 1977ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்து வடித்தெடுத்த 1,548 வரிகள். திரும்ப வருவனவும் ஐயத்திற்குரியனவும் நீக்கப்பட்டிருந்தன. வரைபடத்தின் கோட்டை மட்டும் காண்போருக்கு இவ்வடிகட்டல் தெரிவதில்லை.

இவ்வரைபடத்தில் ஒப்பீட்டு எல்லைகளாக நின்றவை செயற்கையாக உருவாக்கிய தரவுகள் என்றும், அவற்றிடையே சிந்துக் குறிகள் விழுவது மொழித்தன்மையை நிறுவாது என்றும் றிச்சர்ட் ஸ்ப்ரோட் 2010இல் மறுத்தார். ராவ் குழுவினர் அவ்வாண்டிலேயே விடையளித்தனர். மறுப்பின் வன்மை எவ்வாறாயினும், மேற்கோள் கணக்கில் அது மூலக்கட்டுரைக்கு மேலும் ஒன்றைக் கூட்டியது. தரவாகப் பயன்படுத்துதல், உடன்படுதல், மறுத்தல் ஆகிய மூன்றும் அங்கு ஒரே எண்ணாகி விடுகின்றன.

3. கணக்கில் வாராதவை

மகாதேவன் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் பற்றி 1968ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டிற்கு அளித்த கட்டுரை அம்மாநாட்டின் தொகுதியில் இடம்பெற்றது. அவருடைய பெருநூலான 'தொடக்ககாலத் தமிழ்க் கல்வெட்டியல்' 2003இல் வெளிவந்தது. முன்னதிலிருந்து பின்னதற்கு நீளும் முப்பத்தைந்து ஆண்டு உழைப்பைப் பருவ இதழ்களை மையமாகக் கொண்ட சுட்டிகள் முழுமையாகக் காட்டா. ரொறன்ரோவின் வடமேற்கே, ரெக்ஸ்டேலிலுள்ள ஹம்பர் வளாகத்தில் தரவுப் பகுப்பாய்வு பயிலும் தமிழ் மாணவரொருவர் மகாதேவனின் பெயரைத் தரவுத்தளத்தில் தேடினால், 2009ஆம் ஆண்டுக் கட்டுரையே முதலில் தென்படக்கூடும். அச்சிட்ட மாநாட்டுத் தொகுதி நூலக அடுக்கிலேயே தங்கிவிடும். அவர் வரையும் மேற்கோள் வலைப்படமும் அக்குறைபாட்டை அழகுறக் காட்டுமேயன்றிச் சுட்டிக்காட்டாது.

இதன் விளைவு மறைந்த ஓர் அறிஞரின் புகழோடு நிற்பதன்று. நியமனமும் நிதியும் சுட்டெண்ணைச் சார்ந்திருக்கையில், பல்லாண்டு உழைப்பை வேண்டும் தொடரடைவு, பதிப்பு, சொல்லடைவு ஆகியவற்றை மேற்கொள்ள இளம் ஆய்வாளர் தயங்குவர். அடுத்த தலைமுறையின் கணிப்புகளுக்குத் தரவே இல்லாது போகும்.

4. முடிவு

மேற்கோள் எண்ணிக்கையைத் தள்ளிவிடல் தீர்வாகாது. அதனை வாசிக்கும் முறை திருந்த வேண்டும். தமிழியல் மாநாட்டுத் தொகுதிகளின் கட்டுரைகளுக்கு நிலையான எண்முறை அடையாளங்கள் வழங்கப்படல் வேண்டும். மேற்கோளின் நோக்கம் பயன்பாடா, உடன்பாடா, மறுப்பா எனக் குறிக்கப்படல் வேண்டும். தரவுத் தொகுப்பாளரின் பங்கு வரைபடத்தின் அடியிலேயே பதிவாதல் வேண்டும். 1977ஆம் ஆண்டின் அட்டவணைகள் இன்றும் பயன்படுவது, ஒவ்வொரு குறியும் எங்கிருந்து வந்தது என்பதை அவை சொல்வதாலேயே. ஆய்வாளரை அளக்கும் எண்களிடமும் அந்நேர்மையை எதிர்பார்ப்பது முறையாகும்.