ஏனாதிநாதர் வாட்பயிற்சிக் களம்

படைத்தொழில் பயிலும் இடங்களைப் பற்றி நம் இலக்கியங்கள் கூறுவன சிலவே. பட்டினப்பாலை காட்டும் களரி முதிய மரங்கள் நிற்கும் வெளியிடம்; ஆண்டு மறவலியுடையார் கையாலும் கலத்தாலும் பொருவர். அது வலிமை காட்டும் களமேயன்றித் தொழில் கற்பிக்கும் களமன்று. ஆசிரியன், மாணாக்கர், வருவாய், உரிமை ஆகிய நான்கையும் ஒருங்கு வைத்து ஒரு பயிற்சிக் களத்தை விளங்கக் காட்டுவது பெரியபுராணத்து ஏனாதிநாத நாயனார் புராணம் என்க.

திருத்தொண்டத்தொகையில் சுந்தரர் இவர் பெயரை மட்டுமே சுட்டினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவ்வரலாற்றை விரித்த சேக்கிழார், எயினனூரில் நாயனார் அரசர்க்கு வாட்டொழில் பயிற்றினார் என்றும், அதனால் வந்த வளமெல்லாம் அடியார்க்கு ஆக்கினார் என்றும் கூறுகின்றார். அதே தாயத்தைச் சேர்ந்த அதிசூரனுக்கோ வருவாய் நாளும் தேய்ந்தது. வென்றவர்க்கே பயிற்றும் உரிமை என அவன் போருக்கு அழைத்தான். ஈண்டுப் பகை மூண்டது மண்ணுக்கன்று, கற்பிக்கும் உரிமைக்கு என்பது நோக்கத்தக்கது.

இத்துணையும் கூறிய புலவர், பயிற்சிக்கூடத்தின் சுவரையோ கூரையையோ வருணித்திலர். ஜப்பானியச் சாமுராய்க் காலத்தை நிலைக்களனாகக் கொண்டு 2011-இல் வெளிவந்த 'ஷோகன் 2' என்னும் கணினிப் போர்விளையாட்டு இதற்கு நேர்மாறானது. அதில் பொருள் செலவிட்டு வாட்பள்ளி எழுப்பினால் வாள்வீரரைத் திரட்டலாம். கட்டடமே ஆற்றலின் ஊற்று. சேக்கிழார்க்கோ ஆசிரியனே பள்ளி.

இக்கருத்து வரலாற்றிற்கும் பொருந்தும். சுரண்டையும் நெற்கட்டும்செவலும் அடங்கிய தென்காசி வட்டாரம் பாளையக்காரர் ஆட்சி கண்ட நிலம். 1801 டிசம்பர் 1-இல் ஆங்கிலக் கும்பினியார் விடுத்த அறிக்கை பாளையங்களில் படைக்கலம் வைத்திருத்தலைத் தடுத்தது, கோட்டைகளும் இடிக்கப்பட்டன. ஆயினும் சிலம்பம் அழிந்திலது. கோலும் வெளியிடமும் ஆசானும் உள்ள ஊரில் அக்கலைக்குக் கட்டடம் வேண்டுவதில்லை.

இனி, புராணத்தின் முடிவை நோக்குவோம். தோற்றோடிய அதிசூரன் பின்னர்த் தனித்துப் பொர அழைத்து, நெற்றியில் நீறு பூசி, அதனைக் கேடகத்தால் மறைத்து வந்தான். நெருங்கியபொழுது அதனைக் காட்டினான். நாயனார் வெட்டாது நின்று உயிர் துறந்தார். பத்தி வென்றது, வாட்டொழில் தோற்றது என இதற்குப் பொருள் கொள்வாரும் உளர். அது பொருந்தாது. வாளையும் கேடகத்தையும் எறிந்துவிட எண்ணிய நாயனார், படைக்கலம் இல்லாதவனைக் கொன்றான் என்னும் பழி பகைவனைச் சேரலாகாது எனக் கருதி, அவற்றைக் கையிலேந்தியே நேர் நின்றார். வேடத்தின் பொருட்டு உயிர் நீத்த மெய்ப்பொருள் நாயனாரும் பகைவனைக் காத்தவரே. ஆனால் அவர் காத்தது அவன் உயிரை. ஏனாதிநாதர் காத்தது அவன் போரறத்தை. நீற்றைக் கண்டு வெட்டாமை அடியார்க்குரிய பண்பு. படைக்கலத்தைக் கைவிடாமை வாளாசிரியர்க்கே உரிய பண்பு. இரண்டும் ஒரு செயலில் பிரிவின்றி நிற்கின்றன.

ஆகலின் எயினனூர்க் களத்தின் இறுதிப் பாடம் அன்று நிகழ்ந்த கொலைக்களத்திலேயே கற்பிக்கப்பட்டது. அதனைப் பெற்ற மாணாக்கன் பகைவனே. சேக்கிழார் கட்டடத்தைப் பாடாது விட்டமை குறையன்று. அவர் பாட எடுத்த பள்ளி அதனுள் அடங்குவதன்று.