சிரிப்பைக் காப்பவர் யார்?

கல்லடியில் எம்மிடம் தமிழ் பயின்ற இளைஞர் ஒருவர், உள்ளங்கையளவான கணனி ஒன்றைத் தம் வீட்டு மூலையில் இரவும் பகலும் இயங்க விட்டிருக்கின்றார். அதுவே அவருடைய வழங்கி. அதில் ஒரு தரவுத்தளத்தை அமைத்து, தாம் எழுதும் அரசியல் நையாண்டிகளைத் திகதிவாரியாகச் சேர்த்து வருகின்றார். "எங்கட வீட்டிலேயே வெச்சிருந்தா ஒருத்தருக்கும் பயப்படத் தேவையில்லை, சேர்" என்பது அவர் வாதம்.

இதனை இளைஞரின் பொழுதுபோக்கென்று ஒதுக்குவதற்கில்லை. அச்சகமும் காகிதமும் யார் கையில் என்று முன்னோர் கேட்டனர். வழங்கி யார் கையில் என்று நாம் கேட்க வேண்டியுள்ளது. யாகூ நிறுவனம் 2009 ஒக்டோபரில் ஜியோசிற்றீஸ் சேவையை மூடியபோது, சாதாரண மக்கள் ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்த பக்கங்கள் இடமிழந்தன. தன்னார்வலர் அவசரமாகப் பிரதியெடுத்தமையால் ஒரு பகுதி எஞ்சிற்று. நம் நாட்டிலும் 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் அரசு சமூக வலைத்தளங்களை முடக்கிற்று. கேலிச்சித்திரக்காரர் பிரகீத் எக்னெலிகொட காணாமலாக்கப்பட்டது 2010 ஜனவரி 24 இல். நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2024 ஜனவரி 24 இல். நாள்கள் ஒத்தமை தற்செயல். நையாண்டியைக் கண்டு அதிகாரம் அஞ்சுவது தற்செயலன்று.

ஆகவே இளைஞரின் வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மையே. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றபோது, வீட்டு வழங்கியின் சுதந்திரம் என்னவாயிருக்கும்? 2004 டிசம்பர் 26 இல் கல்லடியிலும் நாவலடியிலும் கடல் புகுந்தபோது, வீட்டுப் பெட்டகத்தில் இருந்தவை என்னவாயின? 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளே ஈடுசெய்ய முடியாத இழப்பாயின. ஒரே இடத்தில் உள்ள ஒரே பிரதி, அது நம் வீடாயினும், பாதுகாப்பன்று. தனியுடைமை இங்கே விடையாகாது. பலர் பகிர்ந்து காக்கும் பொதுவுடைமையே விடை.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. 2005 இல் தன்னார்வலர் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் இயங்குகின்றது. அம்மென்பொருளை எவரும் எடுத்தாளலாம், திருத்தலாம். இவ்வுரிமையின் பெறுமதி சிறிதன்று. மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருள் 2010 இல் ஒராக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. ஆயினும் அதன் மூலநிரல் திறந்திருந்தமையால், அதனை ஆக்கியவர்களே 2009 இல் மரியாடிபி என்ற கிளையைத் தோற்றுவித்துத் தொடர முடிந்தது. உடைமையாளர் மாறினாலும் உழைப்பின் பயன் உழைத்தவரை விட்டு நீங்கவில்லை.

அந்நூலகத்திலே 'சிரித்திரன்' இதழ்களைப் புரட்டினோம். சிவஞானசுந்தரம் என்ற 'சுந்தர்' 1963 இல் தொடங்கிய இதழ் அது. சவாரித்தம்பர், சின்னக்குட்டி முதலிய பாத்திரங்கள் நடுத்தர வர்க்கத்தின் போலிக் கௌரவத்தைக் கிழித்துக் காட்டுகின்றன. அறிவுரை கூறாமல், மக்கள் பேசும் மொழியிலேயே அவர்களைத் தம்மைப் பார்த்துச் சிரிக்க வைத்தமை சுந்தரின் பெருஞ்சாதனை எனலாம். ஒரு குறையும் சொல்லவேண்டும். அங்கே யாழ்ப்பாணத்துப் பேச்சும் முற்றமுமே மேலோங்கி நிற்கின்றன. வாவிக்கரை உழவனும் மீனவனும் அச்சிரிப்பில் தம் குரலைத் தேடவேண்டியிருக்கின்றது.

இனி, காத்தல் என்பதன் பொருளைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். தரவுத்தளம் என்பது அட்டவணைகளின் கூட்டம். ஈ. எஃப். கொட் 1970 இல் வகுத்த உறவுமுறை மாதிரியின்படி, இதழ் ஒரு அட்டவணையிலும் ஆசிரியர் இன்னொன்றிலும் நிற்க, பொதுவான ஓர் எண் அவற்றை இணைக்கும். ஆண்டு, மாதம், பக்கம் யாவும் நொடியில் கிடைக்கும். ஆனால் அக்கேலிச்சித்திரம் எந்த அமைச்சரை, எந்த விலையேற்றத்தை எள்ளிற்று என்பதை யாராவது எழுதி வைத்தாலன்றித் தரவுத்தளம் அறியாது. நையாண்டி காலத்தோடு பிணைந்த கலை. சூழல் மறந்தால் சிரிப்பும் மடியும். படம் இருக்கும், பகிடி இராது. அப்பகிடிக்கு உயிர்கொடுப்பது பொறியன்று. விளக்கக் குறிப்பெழுதும் மனித உழைப்பே.

அவ்வுழைப்பு ஆசிரியருக்கும் மாணவருக்கும் உரியது. விபுலானந்த அடிகள் 1929 இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய மண் இது. இம்மண்ணின் பாடசாலை மலர்களும் சிற்றிதழ்களும் கையெழுத்துப் பிரதிகளும் எத்தனையோ அலுமாரிகளில் கறையானுக்கு இரையாகின்றன. அவற்றை வருடியெடுத்து, பெரியவர்களிடம் கேட்டுக் குறிப்பெழுதி, பொது நூலகத்திற்கு ஒரு பிரதி, நமக்கு ஒரு பிரதி, அயலூருக்கு ஒரு பிரதி எனப் பரப்புவோமாயின், கடலோ தீயோ சட்டமோ அனைத்தையும் ஒருங்கே அழித்தல் அரிது.

எம் இளைஞருக்கு நாம் கூறியதும் இதுவே: "தம்பி, உமது வழங்கியை அணைக்க வேண்டாம்; ஆனால் அதைத் தனியே விடவும் வேண்டாம்." அடுத்த சனிக்கிழமை அவர் தம் தோழர் இருவரை அழைத்து வந்தார். எமது அலுமாரியை முதலில் திறந்தோம்.