வளன் என்னும் பெயர்: தேம்பாவணி வரவேற்பும் திண்டுக்கல் வட்டாரச் சமய மதிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

வீரமாமுனிவரைத் தமிழுலகம் போற்றும் முறையில் அவருடைய கத்தோலிக்க நம்பிக்கை பெரும்பாலும் ஒதுக்கிவைக்கப்படுகிறது. இது சமய மதிப்பா, அன்றிச் சமயத்தை எதிர்கொள்ளாமல் கடந்துசெல்லும் வழியா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தேம்பாவணியின் பெயரிடல், திண்டுக்கல் வட்டார வழிபாட்டு வழக்கங்கள், பாமாவின் கருக்கு ஆகிய மூன்றையும் இணைத்து நோக்கி, நம்பிக்கையை நம்பிக்கையாகவே எதிர்கொள்வதும் நம்பும் மனிதரின் மாண்பை ஏற்பதும் சேர்ந்ததே சமய மதிப்பு என இது நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: தேம்பாவணி, வீரமாமுனிவர், கத்தோலிக்கம், திண்டுக்கல், நேர்ச்சை, கருக்கு, சமய மதிப்பு

முன்னுரை

திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 2003 நவம்பர் 10 அன்று திண்டுக்கல் மறைமாவட்டம் உருவானது. அதன் தலைமைக் கோயில் புனித வளனார் பேராலயம். மரியாளின் கணவரான யோசேப்பைத் தமிழ்க் கத்தோலிக்கர் சூசையப்பர் என்றும் வளனார் என்றும் வழங்குவர். சூசை என்பது போர்த்துக்கீசிய ஒலிவழி வந்த வடிவம். வளன் என்பது, அந்த எபிரேயப் பெயருக்குரிய பெருகுதல் என்னும் பொருளைத் தழுவி வீரமாமுனிவர் தேம்பாவணியில் ஆண்ட பெயர். திண்டுக்கல்லில் இப்பெயரை நாள்தோறும் சொல்வோருள் பலர் தேம்பாவணியைப் படித்தவரல்லர். தேம்பாவணியைப் படித்தோருள் பலர் அப்பெயரை வேண்டுதலாகச் சொன்னவரல்லர். இவ்விரு சாராருக்கும் இடையே உள்ள தொலைவு கத்தோலிக்கம் பற்றிய தமிழ்ப் பொதுமனத்தின் இயல்பைக் காட்டுகிறது.

தமிழ்த்தொண்டு என்னும் சட்டகம்

இத்தாலியில் பிறந்து இயேசு சபைத் துறவியாகத் தமிழகம் வந்த பெஸ்கி (1680–1747), தமிழிலக்கிய வரலாறுகளில் முதன்மையாக மொழிப்பணியாளராகவே இடம்பெறுகிறார். சதுரகராதி, தொன்னூல் விளக்கம், எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக்கிய சீர்திருத்தம் ஆகியவையே அவருக்குரிய புகழின் அடிப்படைகளாகச் சுட்டப்படுகின்றன. 1968-இல் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரீனா கடற்கரையில் அவருக்குச் சிலை அமைந்தது. பகுத்தறிவு இயக்கத்தின் வழிவந்த ஓர் அரசின் காலத்தில் கத்தோலிக்கத் துறவி ஒருவர் இவ்வாறு சிறப்பிக்கப்பட்டது எளிய செய்தியன்று. மொழி என்னும் பொதுநிலம் அதனை இயலச் செய்தது.

இச்சட்டகத்துக்கு வரலாற்றுத் தேவை இருந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலியின் காலத்தில் கிறித்தவம் பறங்கியர் மார்க்கம் என்றே இகழ்ந்து நோக்கப்பட்டது. அந்த அயன்மையைப் போக்கத் தமிழ் உதவியது. ஆயினும் அயன்மையைப் போக்கிய கருவியே பின்னர் நம்பிக்கையை மறைக்கும் திரையாகவும் மாறியது. வேதியர் ஒழுக்கம் உரைநடை வளர்ச்சி என்னும் தலைப்பின்கீழ் அடங்கிவிடுகிறது. அது உபதேசியார்களின் வாழ்வை நெறிப்படுத்த எழுந்த நூல் என்பது துணைச்செய்தியாகிறது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்ற தேம்பாவணிப் பகுதி, தாயை இழந்த கருணையனின் புலம்பல். கருணையன் என்பது திருமுழுக்கு யோவானுக்கு முனிவர் இட்ட பெயர். அப்பகுதியின் கவிச்சிறப்பு ஐயத்துக்கிடமற்றது. எனினும் காப்பியத்தின் சமயக் கோட்பாட்டைக் காட்டிலும் எச்சமயத்தாரும் தமதாகக் கொள்ளத்தக்க மனிதத் துயரமே அதில் முன்நிற்கிறது. தேர்வின் பின்னுள்ள தயக்கத்தை இது புலப்படுத்துகிறது.

பெயரிடலும் நம்பிக்கையும்

மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட தேம்பாவணியில் நாட்டுவளமும் நகர்வளமும் தமிழ்க் காப்பிய மரபின்படி பாடப்படுகின்றன. இதனைத் தமிழ்மயமாக்கம் எனச் சொல்லி நிறுத்திக்கொள்வது திறனாய்வு வழக்கம். அவ்விளக்கம் தலைவன் யார் என்னும் வினாவுக்கு விடை தருவதில்லை.

நான்கு நற்செய்தி நூல்களிலும் யோசேப்பு பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. கனவில் கேட்கிறார், எழுந்து செய்கிறார், பின்னர் கதையிலிருந்து மறைந்துவிடுகிறார். பேசாத ஒருவரைப் பெருங்காப்பியத் தலைவராக்கும் துணிவு தமிழ்ப்பற்றிலிருந்து மட்டும் பிறந்திருக்க இயலாது. யோசேப்பின்மீது கத்தோலிக்க மரபு வளர்த்த பக்தியும், ஆகிர்த மரியாளின் காட்சி நூலும், துறவியின் சொந்த வணக்கமும் அதற்கு ஊற்றுகள். நற்செய்தி நூல்கள் விட்ட மௌனத்தை நம்பிக்கை நிரப்பியது. தமிழ் அதற்கு நாவாயிற்று. ஆகவே நம்பிக்கையை விலக்கிவிட்டுத் தேம்பாவணியின் கவித்துவத்தை விளக்க முயல்வது ஊற்றை விலக்கி ஆற்றை விளக்குவதாகும்.

இதன் மறுபக்கமும் சொல்லப்பட வேண்டும். திருக்குடும்பத்தின் எகிப்து வாழ்வைப் பாடும் பகுதிகளில் பிற வழிபாடுகளை மறுக்கும் உரைகள் உள்ளன. தரங்கம்பாடி லுத்தரன் சபையினரை மறுத்து முனிவர் வேதவிளக்கம் இயற்றினார். பிறர் நம்பிக்கையை அவர் எப்போதும் மென்மையாக அணுகியவரல்லர். தமிழ்த்தொண்டு என்னும் சட்டகம் அவருடைய பக்தியை மறைப்பதுபோலவே அவருடைய கண்டனத்தையும் மறைக்கிறது. இரண்டையும் திறந்து படித்து, உடன்பட இயலாத இடத்தில் மறுப்பதே அவருக்கும் அவர் மறுத்தோருக்கும் செய்யும் நேர்மை. மதிப்பும் உடன்பாடும் ஒன்றல்ல.

நேர்ச்சைச் சோறும் பொது மைதானமும்

நூலுலகில் நிலவும் இத்தயக்கம் மக்கள் வழக்கில் இதே அளவில் இல்லை. திண்டுக்கல் நகரின் முத்தழகுபட்டியில் உள்ள புனித செபஸ்தியார் கோயில் திருவிழாவில் பல சமயத்தாரும் ஆடு, கோழி, அரிசி, காய்கறிகளை நேர்ச்சையாகக் கொண்டுவருகின்றனர். அவை ஒன்றாகச் சமைக்கப்பட்டு அனைவருக்கும் அன்னதானமாக வழங்கப்படுகின்றன. செபஸ்தியார் ஐரோப்பிய மரபில் கொள்ளைநோய்க்குக் காவலரான புனிதர். இச்சமவெளியில் அவர் குறைதீர்க்கும் காவல்தெய்வங்களின் வரிசையில் வைத்து எண்ணப்படுகிறார். இங்கு ஒருவர் செபஸ்தியாரை வணங்கக் கத்தோலிக்கராக வேண்டியதில்லை. செபஸ்தியாரைக் கத்தோலிக்கரல்லாதவராகக் காட்டவும் வேண்டியதில்லை. நம்பிக்கையை மறைக்காமலேயே பகிரும் வழக்கம் இது.

ஆனால் இதனை முன்வைத்து வட்டாரம் முழுவதையும் சமய ஒற்றுமையின் சான்றாக எழுதிவிடுவது ஆய்வாகாது. அதே மாவட்டத்தில், கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் பஞ்சம்பட்டியில், காளியம்மன் கோயில் அன்னதானத்தை ஊர் மைதானத்தில் நடத்துவது குறித்த பூசல் 2025-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைவரை சென்றது. பொதுமக்களுக்குரிய மைதானத்தில் ஒரு சமயத்தாரை மட்டும் விலக்க இயலாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். முத்தழகுபட்டியில் அன்னதானம் வந்தோரை இணைக்கிறது. பஞ்சம்பட்டியில் அன்னதானமே வழக்குக்குரியதாயிற்று. சிறுபான்மையினர் ஓர் ஊரில் பெரும்பான்மையினராகும்போது, நாடளவில் தாம் கோரும் மதிப்பை அவ்வூரின் சிறுபான்மையினருக்கு அளிக்கின்றனரா என்னும் வினா தவிர்க்கவியலாதது. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. அவ்வறிவிப்பு ஊர் மைதானத்தில்தான் சோதனைக்குள்ளாகிறது.

உள்ளிருந்து எழும் வினா

புனிதருக்குக் கிடைக்கும் வணக்கம், அவரை வணங்கும் மனிதருக்கும் கிடைக்கிறதா என்பது அடுத்த வினா. தமிழ் இலக்கியத்தில் இதனைக் கூர்மையாக எழுப்பியது, விருதுநகர் மாவட்டப் புதுப்பட்டியில் பிறந்த பாமாவின் கருக்கு (1992). கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்து, பின் வெளியேறிய தலித் பெண்ணின் தன்வரலாறு அது. பனங்கருக்கின் கூர்மையும் விவிலியம் கூறும் இருபுறமும் கூரான வாளும் அதன் தலைப்பில் சந்திக்கின்றன. திருச்சபைக்குள் நிலவும் சாதியை விவிலியத்தின் துணைகொண்டே அந்நூல் கண்டிக்கிறது. அதனைக் கத்தோலிக்க எதிர்ப்பு நூல் என வகைப்படுத்துவோர் இந்நுட்பத்தைத் தவறவிடுகின்றனர். நிறுவனத்தின்மீதான சினம் அங்கு நம்பிக்கையின் பெயராலேயே எழுகிறது.

திருச்சபையின் இக்குறைக்கு அரசின் குறையும் துணைநிற்கிறது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை முதலில் இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறித்தவ தலித்துகள் இன்றும் வெளியே நிற்கின்றனர். கோயிலுக்குள் சாதியைச் சுமந்தவர், அரசு அலுவலகத்தில் சாதியற்றவராகக் கருதப்படுகிறார். ஒருவரின் நம்பிக்கைக்கு இத்தகைய விலை விதிக்கும் சூழலில், மெரீனாச் சிலையோ திருவிழாக் கூட்டமோ சமய மதிப்புக்குப் போதிய சான்றாகாது.

முடிவுரை

கத்தோலிக்கத்தின்மீதான தமிழ்ப் பொதுமனத்தின் மதிப்பு மூன்று தளங்களில் இயங்குகிறது. கல்வியுலகம் நம்பிக்கையை விலக்கிவிட்டு மொழியை மதிக்கிறது. மக்கள் வழக்கு புனிதரை மதிக்கிறது. இடம் யாருடையது என்னும் வினா எழும்போது தடுமாறுகிறது. கருக்கு போன்ற எழுத்து, நம்புகிறவரின் மாண்பை மதிப்பின் அளவுகோலாக முன்வைக்கிறது. மூன்றாம் அளவுகோலைக் கைக்கொண்டால் முதலிரண்டின் குறைகளும் வெளிப்படும்.

தேம்பாவணியைக் கற்பிக்கும் ஆசிரியர் கருணையனின் புலம்பலோடு நின்றுவிடாமல், பேசாத தச்சரைத் தலைவராக்கிய பக்தியையும் பிற வழிபாட்டை மறுத்த கண்டனத்தையும் மாணவர்முன் வைக்கலாம். அவ்வகுப்பில் வளன் என்னும் பெயரை வேண்டுதலாகச் சொல்லும் மாணவரும் இருக்கக்கூடும். காளியம்மனை வணங்கும் மாணவரும் இருக்கக்கூடும். இருவருக்கும் தம் நம்பிக்கையை மறைக்கவேண்டிய தேவை எழாதிருப்பின், அவ்வகுப்பில் சமய மதிப்பு உள்ளது எனலாம்.