ஒரே கோடையில் வடமேற்குப் பெருவழி

1903 ஜூன் மாதத்தில் ஒரு நள்ளிரவு. கடன் கொடுத்தவர்கள் வந்து படகைப் பிடித்துக்கொள்வதற்குள் ரோல்ட் அமுண்ட்சென் நார்வே தலைநகரின் துறைமுகத்தைவிட்டு நழுவினார். உடன் ஆறு பேர். படகு, ஹெர்ரிங் மீன் பிடிப்பதற்காக 1872இல் கட்டப்பட்ட, 47 டன் ‘யோவா’. கனடாவின் வடதீவுகளுக்கு நடுவே புகுந்து அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்கை எட்டும் வடமேற்குப் பெருவழியை முதன்முதலாக முழுக்கக் கடந்த கலம் அதுதான். 1845இல் ஜான் பிராங்க்ளின் பிரிட்டிஷ் கடற்படையின் இரண்டு பெரிய கப்பல்களில், தன்னையும் சேர்த்து 129 பேரோடு போனதும் அதே கடலுக்குத்தான். ஒருவரும் திரும்பவில்லை.

இந்த இரண்டையும் அருகருகே வைத்து, ஆர்க்டிக்குக்குச் சின்னப் படகுதான் லாயக்கு என்று பாய்ப்படகுக்காரர்கள் சொல்வதுண்டு. அது சரிதான். வடக்கிலிருந்து பழம்பனி இறங்கி வந்து குவிகிற இடம் கிங் வில்லியம் தீவின் மேற்குப் பக்கம். பிராங்க்ளினின் கப்பல்கள் அங்கே போய்ச் சிக்கின. அமுண்ட்சென் தீவுக்குக் கிழக்கே, ஆழமில்லாத கரையோரமாகப் போனார். பெரிய கப்பலுக்கு அங்கே தண்ணீர் போதாது; யோவாவே ஒருமுறை தரைதட்டி, மேல்தளத்துச் சரக்கைக் கடலில் தள்ளிய பிறகுதான் மிதந்தது. ஆனால் இந்தக் கதையில் இன்னொரு பாதியும் உண்டு. அமுண்ட்சென் அவசரப்படவே இல்லை. இன்று யோவா ஹேவன் எனப்படும் விரிகுடாவில் இரண்டு குளிர்காலம், மெக்கன்சி ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டி மூன்றாவது குளிர்காலம், 1906இல்தான் அலாஸ்காவின் நோம். நெட்சிலிக் இனுயிட் மக்களிடம் தோலாடை உடுத்தவும் நாய்வண்டி ஓட்டவும் பனிவீடு கட்டவும் அவர் கற்றுக்கொண்டது அந்தக் காத்திருப்பில். இன்றைய பாய்ப்படகுப் பயணங்களில் படகின் அளவு அமுண்ட்செனுடையது, காலக்கணக்கு மட்டும் அவருடையது அல்ல. எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான்.

அவசரத்தின் தொடக்கம் 1977. பெல்ஜியத்தைச் சேர்ந்த வில்லி டி ரூஸ், ‘வில்லிவா’ என்ற 13 மீட்டர் எஃகுப் பாய்ப்படகில் இந்த வழியை ஒரே கோடையில் கடந்துகாட்டினார். அப்போது ஜிபிஎஸ் இல்லை. காந்தத் துருவம் பக்கத்தில் இருந்ததால் திசைகாட்டி முள்ளையும் நம்ப முடியாது. அது அசாதாரணமான மாலுமித்தனம், சந்தேகமில்லை. ஆனால் அவர் சாதித்தது நாளடைவில் எல்லோருக்குமான அட்டவணையாகிவிட்டது: ஜூலையில் கிரீன்லாந்து, ஆகஸ்டில் வழியின் கிழக்கு நுழைவான லான்காஸ்டர் சவுண்ட், செப்டம்பர் முடிவதற்குள் பெரிங் நீரிணை.

போகிறவர்கள் எதை அனுபவிக்கிறார்கள் என்பதைக் குறைத்துச் சொன்னால் நியாயமாகாது. கனடாவின் பனிச் சேவை வெளியிடும் வரைபடத்தில் ஒவ்வொரு கடற்பகுதிக்கும் முட்டை வடிவக் கட்டம் ஒன்று இருக்கும். உள்ளே உச்சியில் இருக்கும் எண், நீர்ப்பரப்பில் பத்தில் எத்தனை பங்கு பனி என்று சொல்லும். பத்துக்கு மூன்று வரை சின்னப் படகு வளைந்து நெளிந்து போய்விடலாம். ஐந்துக்கு மேல் போனால் கடவுள் விட்ட வழி. பனிக்குள் நுழைந்ததும் பாயைச் சுருட்டிவிடுவார்கள். ஒருவர் பாய்மரத்தில் ஏறி நின்று, வெள்ளைப் பரப்புக்கு நடுவே கறுத்துத் தெரியும் தண்ணீர்க் கீறலைத் தேடுவார். இன்னொருவர் அணியத்தில் நீண்ட மரக்கழியோடு நிற்பார். வேகம் இரண்டு, மூன்று நாட் இருந்தால் அதிகம். வெளுத்துக் கிடப்பது அந்த ஆண்டுப் பனி, இடித்தால் நொறுங்கக்கூடும். நீலம் பாய்ந்தது பல கோடை கண்ட பழம்பனி. உப்பெல்லாம் வடிந்து பாறையாக இறுகியிருக்கும். கண்ணாடியிழைப் படகு அதில் மோதினால் உடைவது படகுதான். எஃகும் அலுமினியமும் நசுங்கினாலும் தாங்கும். இயந்திரத்தைக் குளிரவைக்கும் கடல்நீர்க் குழாயில் பனிக்கூழ் போய் அடைத்துக்கொள்ளும். நங்கூரம் போட்டாலும் நிம்மதியாகத் தூங்க முடியாது; நீரோட்டத்தில் மிதந்துவரும் பனித்தட்டு சங்கிலியில் சாய்ந்துவிட்டால் படகையும் நங்கூரத்தையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகும். உல்லாசக் கப்பலின் பால்கனியில் நின்று பார்ப்பவருக்குப் பனி ஒரு காட்சி. படகில் இருப்பவர் அதன் நிறத்தையும் நகர்வையும் படிக்கத் தெரிந்திருந்தால்தான் பிழைப்பார். அந்தக் கல்வியைத் தரும் வேறு வழி இன்று அதிகம் இல்லை.

பாய்ப் பயணம் என்ற பெயரைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தத் தீவுகளுக்கிடையே காற்று சில நாள் செத்துக் கிடக்கும், சில நாள் எதிரே அடிக்கும். பனிக்கு நடுவே இருக்கும் குறுகிய சந்தில் பாயைத் திருப்பித் திருப்பிப் போக இடமும் கிடையாது. ஆகவே பெரும்பகுதித் தொலைவு டீசலில்தான் நடக்கிறது. ஒரு சரக்குக் கப்பல் கக்கும் கரியோடு ஒப்பிட்டால் இது தூசு. அதைப் பெரிதுபடுத்த மாட்டேன். காற்றை மட்டும் நம்பிப் போனோம் என்று பெருமை பேசாமல் இருந்தால் போதும்.

2018 பனி மிகுந்த கோடை. சிறு படகுகள் இந்த ஆண்டு முயல வேண்டாம் என்று கனடாவின் கடலோரக் காவல்படை அறிவுறுத்தியது; பலர் திரும்பினார்கள். ஆகஸ்ட் 29 அன்று பெல்லட் நீரிணையில் ஓர் அர்ஜென்டினப் பாய்ப்படகைப் பனி நெருக்கி மூழ்கடித்தது. சுமார் இரண்டு கிலோமீட்டர் அகலம், எட்டு நாட் வரை பாயும் நீரோட்டம் கொண்ட இடம் அது. படகிலிருந்த இருவர் பனித்தட்டில் ஏறி நின்று காத்திருந்தார்கள். ‘ஹென்றி லார்சன்’ என்ற பனியுடைப்புக் கப்பலின் ஹெலிகாப்டர் வந்து அவர்களை மீட்டது. அந்தப் பெயருக்குரிய லார்சன், 1940இல் ‘செயின்ட் ராக்’ படகில் பசிபிக் பக்கமிருந்து புறப்பட்டு, இரண்டு குளிர்காலம் பனியில் உறைந்து கிடந்து, 1942இல் அட்லாண்டிக்கை அடைந்த தலைவர். ஒரே கோடையில் கடப்பது 1944இல் திரும்பும்போதுதான் அவருக்கும் வாய்த்தது.

மீட்பு என்ற கேள்வியில் பில் டில்மனைத் தாண்டிப் போக முடியாது. 1936இல் நந்தா தேவி உச்சியில் ஏறிய அதே டில்மன்தான். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ‘மிஸ்சீஃப்’ என்ற 1906ஆம் ஆண்டுப் படகை வாங்கி, கிரீன்லாந்துக்கும் பாஃபின் கடலுக்கும் திரும்பத் திரும்பப் போனார். உதவி கேட்கும் ரேடியோவை ஏற்ற மறுத்தார். தன் விருப்பத்துக்குக் கடலுக்குப் போகிறவன் பிறரைக் காப்பாற்ற வா என்று அழைக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. கேட்க கம்பீரமாக இருக்கிறது. ஆனால் 1968இல் யான் மாயன் தீவருகே மிஸ்சீஃபையும், 1972இல் கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில் ‘ஸீ பிரீஸ்’ படகையும் இழந்தபோது அவரோடு இருந்த இளைஞர்களும் அந்தக் கொள்கையின் விலையைப் பங்குபோட வேண்டியிருந்தது. ரேடியோ வேண்டாம் என்று சொல்லும் உரிமை தனியாகப் போகிறவருக்கு மட்டும்தான் உண்டு என்பேன். டில்மனிடம் எனக்குப் பிடித்தது வேறு: தொட்டே ஆக வேண்டிய முடிவுக்கோடு அவருக்கு இல்லை. ஒரு மலை, ஒரு கடல்வாய், முடியாவிட்டால் அடுத்த ஆண்டு.

இன்று அந்தக் கோடு இருக்கிறது. ஒரு பெருங்கடலிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேர்ந்தவர்களின் பெயரே வழியைக் கடந்தோர் பட்டியலில் ஏறும். பாதியில் திரும்பியவரின் நல்ல முடிவுக்கு அங்கே இடம் கிடையாது. பனி குறைகிறது, வழி திறக்கிறது என்ற செய்தியும் சேர்ந்து துணிச்சலை ஏற்றிவிட்டது. செயற்கைக்கோள் பதிவில் முதன்முறையாக 2007இல் வழி முழுக்கத் திறந்தது உண்மை. ஆனால் வடக்கே இறுகி நின்ற பழம்பனி, வெப்பம் கூடக்கூட இளகித் தெற்கே நகர்ந்து, குறுகிய வாய்களில் வந்து அடைக்கிறது. 2007 முதல் 2021 வரையிலான நிலையை ஆராய்ந்து 2024இல் வந்த ஆய்வு, இந்த வழியின் பல பகுதிகளில் கப்பல் போகக்கூடிய பருவம் சுருங்கியிருப்பதைக் காட்டியது. போய்ச் சேர வேண்டும் என்ற கட்டாயத்தோடு வருகிறவருக்கு இதைவிடக் கெட்ட கூட்டாளி வேண்டாம்.

கரையில் வாழ்கிறவர்களையும் நினைக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் பே போன்ற ஊர்களுக்கு எரிபொருள் கோடையில்தான் கப்பலில் வந்து சேரும். ஊருக்கு இருப்பது ஒரு சிறு மருத்துவ நிலையம். 2020இல் தொற்றுக்குப் பயந்து கனடா தன் ஆர்க்டிக் கடலை உல்லாசப் படகுகளுக்கு மூடியது. ஆனாலும் ஒரு நியூசிலாந்துப் பாய்ப்படகு நுழைந்தது. வெளியேறு என்ற உத்தரவுக்குப் பிறகும் வழியைக் கடந்தே போனது. அந்தப் படகோட்டியின் திறமையில் குறை சொல்ல ஏதுமில்லை. விருந்தாளியாக எப்படி நடந்துகொள்வது என்பதுதான் தெரியவில்லை. கப்பல்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேசத் துருவ விதிகள் 2017இல் வந்தன என்றாலும் இவ்வளவு சிறிய படகுகளை அவை தொடுவதில்லை. கனடாவின் கட்டாய அறிவிப்பு முறையும் பெரும்பாலும் 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கலங்களுக்குத்தான். படிவங்கள் கூடுவதில் எனக்கு ஆசை இல்லை. ஆனால் படகின் இருப்பிடத்தை நாள்தோறும் அறிவிப்பதையும், மீட்புச் செலவுக்குக் காப்பீடு எடுப்பதையும் சிறு படகுக்கும் கட்டாயமாக்கினால் யாருடைய சுதந்திரமும் போய்விடாது.

வேறு மாதிரிப் போகிறவர்களும் இல்லாமல் இல்லை. ‘வாகபோன்’ என்ற பிரெஞ்சு எஃகுப் படகை அதன் குடும்பம் ஸ்வால்பார்டிலும் எல்லெஸ்மியர் தீவருகேயும் குளிர்காலம் முழுக்கப் பனியில் உறையவிட்டு, அங்கேயே குழந்தைகளை வளர்த்து, ஆய்வாளர்களுக்காகக் கடற்பனியை அளந்து தந்தது. எல்லோரும் அப்படி வாழ முடியாது. ஆனால் பிரிட்டனின் டேவிட் ஸ்காட் கூப்பர் செய்தது பலருக்கும் எட்டக்கூடியது. பழைய உயிர்காப்புப் படகொன்றில் 1986இல் தனியாக வந்தவரை பெல்லட் நீரிணையின் கிழக்கு வாயில் இருக்கும் ஃபோர்ட் ராஸில் பனி மறித்தது. படகை அங்கேயே விட்டு ஊருக்குப் போனார். அடுத்த ஆண்டு வந்து பார்த்தால் உள்ளே தண்ணீர். இறைத்துப் பழுதுபார்த்து, ஒவ்வொரு கோடையிலும் முடிந்த அளவு நகர்ந்து, 1989இல்தான் பசிபிக் பக்கம் வந்தார்.