ஆறு, நான்கு, மூன்று

பேஸ்பால் ஸ்கோர் தாளில் 6-4-3 என்று இருந்தால், ஆட்டத்தைப் பார்க்காதவருக்கும் நடந்தது தெரிந்துவிடும்: ஷார்ட்ஸ்டாப் தரைப்பந்தை எடுத்து இரண்டாம் பேஸ்காரரிடம் எறிந்தார், அவர் தம் பேஸை மிதித்துவிட்டு முதல் பேஸுக்கு அனுப்பினார், இருவர் அவுட். பந்து வீசுபவர் 1, கேட்சர் 2, பேஸ்காரர்கள் மூவரும் 3, 4, 5, ஷார்ட்ஸ்டாப் 6, இடது, நடு, வலது வெளிக்களத்தார் 7, 8, 9. சட்டை முதுகில் உள்ள எண் ஆளைச் சொல்கிறது. தாளில் உள்ள இந்த எண் வேலையைச் சொல்கிறது. அதனால்தான் இவ்வளவு சிக்கனத்தில் இவ்வளவு செய்தி அடங்குகிறது.

இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவருக்கு 5 அல்லவா வரவேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தொடக்க காலத்தில் ஷார்ட்ஸ்டாப் வெளிக்களத்துப் பந்தை வாங்கி உள்ளே அனுப்ப உலவிய ஆள். பேஸைக் காக்கும் மூவரை எண்ணிவிட்டு, காக்கப் பேஸ் இல்லாதவரை அடுத்து வைப்பதில் முறை இருக்கிறது. ஆட்கள் இடம் மாறி நின்றால் எண் பொய்யாகாதா என்பது அடுத்த தடை. ஆகாது, மூன்றாம் பேஸ்காரர் வலப்பக்கம் வந்து பந்தெடுத்தாலும் தாளில் 5 தான். அத்தகைய இடமாற்றத்துக்கு அமெரிக்க மேஜர் லீக் 2023-இல் வரம்பு விதித்தது. எண்கள் அப்படியே இருக்கின்றன. அடுத்த ஆட்டத்தைப் பென்சிலோடு பாருங்கள்.